அண்ணி உட்காரும் பக்கத்துக் கதவு

என் வீட்டுக்காரர் பல் செட்டு செய்கிறவர். பல் டாக்டர் என்று நினைத்து யாரும் வாயைத் திறந்து காட்டிவிட வேண்டாம். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, மெழுகில் வடிவம் பிடித்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, ஈறு நிறத்தில் தட்டு வார்த்துக் கொடுப்பார். தெருவில் யாராவது எங்களைப் பார்த்துச் சிரித்தால் இவருக்குப் பதிலுக்குச் சிரிக்கத் தெரியாது. கண்ணை இடுக்கிக்கொண்டு அவர்கள் வாயையே பார்ப்பார். கொஞ்சம் தள்ளிப் போனதும் என் காதில், "மேல் வரிசை நம்மளுது" என்பார். கூட நடக்கிற எனக்குத்தான் மானம் போகும்.

ஆனால் அந்த வேலையில் அவரைக் குறை சொன்னால் என் வாய் வெந்துவிடும். செட்டு வாங்கிப்போன ஒரு பெரியவர் நாலு நாளில் திரும்பி வந்து, "உறுத்துது" என்பார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, பழகிடும்" என்று அனுப்பியிருப்பார். இவர் அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டார். பெரியவரை உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தி, "எங்க உறுத்துது?" என்று கேட்பார். காட்டிய இடத்தில் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அவர் கண்ணுக்கும் தெரியாது. இருந்தாலும் சின்ன அரத்தால் லேசாக ராவி, கடித்துப் பார்க்கச் சொல்லி, மறுபடி ராவுவார். "நமக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா? வாய் அவங்களோடது. அவங்க உறுத்துதுன்னா உறுத்துது" என்பார். அந்தப் பொறுமையில் கால்வாசியை என்னிடம் காட்டியிருந்தால் நான் இன்னும் இரண்டு சுற்று பருத்திருப்பேன்.

வம்பு எல்லாம் மற்ற வேலைகளில்தான். வாய்க்குள் பல்லையே பொருத்துகிறவனுக்கு மிக்ஸி எம்மாத்திரம், குழாய் எம்மாத்திரம் என்பது அவர் எண்ணம். வீட்டில் எது கெட்டாலும் வெளியாள் கை படக் கூடாது. அவர் பிரித்து மாட்டிய மிக்ஸி போட்டவுடன் ஓடும். நிறுத்தினால் யோசித்துத்தான் நிற்கும். சமையலறைக் குழாயை வலது பக்கம் திருப்பினால் மூடும் என்று உலகமே நம்பிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் திறக்கும். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் இரண்டு மூன்று ஸ்க்ரூ மிச்சம் விழும். அதையெல்லாம் ஒரு பழைய பல் செட்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். "இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சுங்க?" என்று கேட்டால், "கம்பெனிக்காரன் பயந்துபோய் அதிகமாப் போட்டுட்டான்" என்பார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம். இவருக்கு மீசையே கிடையாது என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு கார் வந்து சேர்ந்தது. பெரிய வண்டி வாங்கிய ஒரு டாக்டர் தன் பழைய வண்டியை இவர் தலையில் கட்டிவிட்டார். சாவியில் உள்ள பொத்தானை அழுத்தினால் நாலு கதவும் ஒன்றாக 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் கதவுக்கு ஒன்றாக நிற்கும் குமிழ்கள் நாலும் உள்ளே இறங்க வேண்டும். மூன்று இறங்கும். பின்பக்கம் இடது கதவு மட்டும் மனசு வைத்தால்தான் இறங்கும், மனசு வைத்தால்தான் ஏறும். ஆனால் அந்தக் கதவை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் வழிக்கு வந்துவிடும். அதனால் அது கெட்டுப்போயிருக்கிறது என்றே இவர் ஒப்புக்கொள்ளவில்லை. "கொஞ்சம் சோம்பேறிக் கதவு, அவ்வளவுதான்."

அந்தச் சோம்பேறிக் கதவுப் பக்கம்தான் அண்ணி உட்காருவார்.

அண்ணி என்றால் இவருடைய அக்கா. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நோயாளிகள் மட்டுமல்ல, டாக்டர்களே அவர் செருப்புச் சத்தம் கேட்டால் போனைப் பையில் போட்டுக்கொள்வார்களாம். கணவர் போய்ப் பல வருஷமாகிறது, பிள்ளைகள் கிடையாது, ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கிறார். முட்டி வலியோடு இரண்டு பஸ் மாறி வர முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் போய்க் காரில் அழைத்து வருவார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். சாப்பிட்டுக்கொண்டே அண்ணி என் சமையலில் உப்பு, என் தம்பியின் உத்தியோகம், தன் தம்பியின் தொப்பை எல்லாவற்றையும் ஒரு பிடி பிடிப்பார். வாரம் முழுக்கத் தனியாக இருக்கிறவருக்கு வாய்க்கு வேலை வேண்டாமா என்று நானும் விட்டுவிடுவேன். உண்மையைச் சொன்னால், அந்தத் திட்டு இல்லாவிட்டால் எனக்கே ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருக்காது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணியை ஏற்றிக்கொண்டு வருகிற வழியில் இவர் மெத்தைக் கடையில் நிறுத்தி, சுருட்டிக் கட்டிய மெத்தை ஒன்றை வாங்கிப் பின் சீட்டில் அண்ணிக்குப் பக்கத்தில் திணித்தார். பிறகு மருந்துக் கடை வாசலில் நிறுத்தினார். இறங்கியவர் பழக்க தோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விட்டார். நாலு கதவும் பூட்டிக்கொண்டன. கண்ணாடிகள் மேலே. வெயில் உச்சியில். திரும்பி வந்து அழுத்தினால் மூன்று குமிழ்கள்தான் ஏறின. அண்ணி பக்கத்துக் குமிழ் இறங்கியது இறங்கியபடி நின்றது. அண்ணி உள்ளேயிருந்து குமிழைப் பிடித்து இழுக்கிறார், வரவில்லை. இவர் வெளியேயிருந்து தட்டுகிறார், அதற்கும் வரவில்லை. உள்ளே எதுவோ கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கூட்டம் கூடிவிட்டது, ஆளுக்கொரு யோசனை. கடைசியில் மறுபக்கக் கதவு வழியாக மெத்தையை இழுத்துப் போட்டு, அந்த வழியாக அண்ணி சீட்டின் மேல் முட்டி போட்டுத் தவழ்ந்து வெளியே வந்தார்.

போனில் விஷயம் தெரிந்ததும், அண்ணி வந்து தம்பியை வெளுத்து வாங்கப்போகிறார் என்று நான் வீட்டில் காத்திருந்தேன். அண்ணி வரவேயில்லை. கடைக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "நான் பஸ்ல போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கே திரும்பிவிட்டாராம். ஒரு வார்த்தை திட்டவில்லை. இவர் மட்டும் வந்து சேர்ந்தார். வாசலில் வண்டி நின்றதும், ஒன்றும் தெரியாத பாப்பா போல அந்தக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

அதன் பிறகு அண்ணி ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் வீடு கழுவ வேண்டும். "வாடகைக் கார் அனுப்பறேன் அண்ணி" என்று நான் சொன்னால், "எந்தக் காரும் வேணாம்மா" என்று போனை வைத்துவிடுவார். இவர் நேரில் போனால் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். நான் கை மறந்து மூன்றாவது தட்டை எடுத்து வைப்பேன். பிறகு சத்தமில்லாமல் உள்ளே வைப்பேன். இவர் அதைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். அம்மா வேலைக்குப் போன வீட்டில் இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அந்த அக்காதான். "நாலு பேர் முன்னாடி மானம் போச்சுன்னு அக்காவுக்குக் கோபம். கதவு சரியானா கோபம் போயிடும்" என்றார் ஒரு நாள். அப்போதுதான் அந்தக் கதவு கெட்டுப்போயிருக்கிறது என்பதை அவர் வாயிலிருந்து முதல்முறையாகக் கேட்டேன்.

சனிக்கிழமை காலை முன்னறை மேஜையைத் துடைத்துவிட்டு, பல் ராவுகிற சாமான்களையெல்லாம் ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு காரடிக்குப் போனார். மாடியில் குடியிருப்பவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் அடுத்தவர் வேலை செய்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கென்றே பிறந்தவர். வாயில் பல்துலக்கியோடு இறங்கி வந்தார்.

"என்ன சார், கதவைப் பிடுங்கப் போறீங்களா?"

"பிடுங்கறது டாக்டர் வேலை. நான் சரி பண்றவன்."

"எங்க ஸ்கூல் வண்டி பாக்குற மெக்கானிக்கை வரச் சொல்றேன் சார். வந்து மோட்டாரை மாத்திட்டுப் போயிடுவான். உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?"

இவருக்குச் சுருக்கென்றது. "சார், என் வாயால 'என்னால முடியல'ன்னு ஒரு தடவை சொல்லிட்டா, அப்புறம் நீங்க என்ன பேர் வெச்சுக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கறேன்" என்றார்.

"அம்மா, நீங்க சாட்சி" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர் என்னைப் பார்த்து. நான் எதற்கெல்லாம்தான் சாட்சியாக இருப்பது.

கைப்பிடிக் குழியில் ஒரு ஸ்க்ரூ, கைவைக்கிற மேடைக்கு அடியில் இரண்டு. அவற்றைக் கழற்றிவிட்டு, கதவின் உள்பலகையை ஓரத்தில் நெம்பினார். பட் பட் என்று பிளாஸ்டிக் கிளிப்புகள் விட்டன. இரண்டு தெறித்துச் செடிக்குள் போயின. தேடியது நான். பலகைக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். அதை உரித்தால் கதவு வயிற்றைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே ஒரு கம்பி, ஒரு கேபிள், கதவின் ஓரத்தில் பூட்டு, பூட்டோடு ஒட்டினாற்போல் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. குமிழை ஏற்றி இறக்குகிற மோட்டார் அதற்குள்தான் இருக்கிறது. கையை முழங்கை வரை உள்ளே விட்டு, தலையைச் சாய்த்து, நாக்கை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, மதியச் சாப்பாடு ஆறிப்போகிற வரை போராடி அதை வெளியே எடுத்தார். புறங்கையெல்லாம் கீறல்.

முன்னறையில் வைத்து அந்தப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு பல்சக்கரம். அதில் ஒரு பல் உடைந்து, உடைந்த துண்டு இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. அன்று கடித்துக்கொண்டு நின்றது அதுதான்.

இவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்று என்னைப் பார்த்தபோதுகூட அப்படி வரவில்லை.

"ஏங்க, புது மோட்டாரே கடையில கிடைக்குமாமே" என்றேன்.

"பல் போனவங்களுக்குப் புது ஆளையா வாங்கறோம்?" என்றார்.

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்துப் பல்லை மெழுகில் அச்செடுத்தார். செட்டு வார்க்கிற ஈறு நிறக் கலவையைக் குழைத்து, உடைந்த இடத்தில் ஊற்றி, இறுகவிட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ராவினார். ஓட விட்டுப் பார்ப்பார், ராவுவார், காதில் வைத்துக் கேட்பார், மறுபடி ராவுவார். வெள்ளைச் சக்கரத்தில் ரோஸ் நிறத்தில் ஒற்றைப் பல். நான் சிரித்த சிரிப்பில் டிரைவிங் ஸ்கூல்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

எல்லாவற்றையும் திருப்பி மாட்டிய பிறகு கண்ணாடி இறங்கவில்லை. கண்ணாடிப் பொத்தானின் வயரைச் செருக மறந்திருந்தார். மறுபடி பலகை, மறுபடி கிளிப்பு, மறுபடி செடிக்குள் நான். ஒருவழியாக முடித்துவிட்டுச் சாவியை அழுத்தினார்.

டக்.

நாலு குமிழும் ஒன்றாக இறங்கின. இன்னொரு அழுத்து, நாலும் ஒன்றாக ஏறின. தட்டில் ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லை என்பதை அவரைவிட நான்தான் நம்ப முடியாமல் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். அந்திவரை ஏதாவது சாக்குச் சொல்லி வாசலுக்குப் போய் டக், டக் என்று அழுத்திக்கொண்டிருந்தார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது. அக்காவுக்குப் போன் போட்டு, "நானே பண்ணேன். நாளைக்கு வரோம். தயாரா இரு" என்று மட்டும் சொன்னார். அண்ணி, "சரி வா" என்றாராம்.

மறுநாள் நானும் கூடப் போனேன். அண்ணி இஸ்திரி மடிப்புக் கலையாத சேலையில் வாசலிலேயே நின்றிருந்தார். மெலிந்திருந்தார். இவர் இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட, அண்ணி ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். இவர் முன்னால் வந்து உட்கார்ந்து, கச்சேரி ஆரம்பிக்கிறவர் மாதிரி தொண்டையைச் செருமினார். "அக்கா, கேளு."

டக்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கை கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. "திற" என்றார். இவர் சிரித்துக்கொண்டே, "சூப்பரா வேலை செய்யுதுல்ல?" என்றார். "திறடா!" என்றார் அண்ணி. அந்தக் குரலை நான் கேட்டதில்லை. இவர் பதறிப்போய் அழுத்தினார். அண்ணி இறங்கி, தன் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க போங்க. எனக்குத் துணி கிடக்கு, துவைக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு நாள் முழுக்க மனுஷன் கையைக் கிழித்துக்கொண்டு செய்திருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டுமாம்? 'அதான் சரியாயிடுச்சே அண்ணி, இன்னும் என்ன' என்று கேட்கத்தான் இறங்கினேன். அதற்குள் இவர் அண்ணி பக்கத்தில் போய் நின்றுவிட்டார். செட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் பேசுகிற அதே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எங்க உறுத்துது, அக்கா?"

அண்ணி கேட்டின் கம்பியைத் தடவிக்கொண்டே இருந்தார். "கதவு நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்தச் சத்தம்தான்... யாரோ எங்கயோ அழுத்தறாங்க, இங்க என் கதவு பூட்டிக்குது. நான் இழுத்தா வராதோன்னு இருக்கு. அன்னைக்கு உள்ள உக்காந்து எவ்வளவு கத்தினேன் தெரியுமா? நீங்க எல்லாரும் வெளியில வாயை வாயை அசைக்கிறீங்க, எனக்கு ஒண்ணும் கேக்கல. இப்பல்லாம் குளிக்கப் போனாகூடக் கதவைச் சாத்தறதில்ல." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளியில சொல்லிடாத. எத்தனை பேருக்கு ஊசி போடும்போது பயப்படாதேன்னு அதட்டியிருக்கேன்" என்றார்.

கேட்க வந்த கேள்வியை நான் விழுங்கிவிட்டேன். இத்தனை வாரமாகக் கோபம், கோபம் என்று நாங்களே பேசிக்கொண்டிருந்ததை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

இவர் 'ஒண்ணும் ஆகாதுக்கா' என்றும் சொல்லவில்லை, 'பழகிடும்' என்றும் சொல்லவில்லை. வண்டியின் பின்பெட்டியைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, முந்தின நாள் அவ்வளவு பாடுபட்டு மாட்டிய பலகையை மறுபடி கழற்றினார். இந்தத் தடவை கிளிப்பு ஒன்றுகூடத் தெறிக்கவில்லை. கையை உள்ளே விட்டு மோட்டாருக்குப் போகிற வயரைப் பிடுங்கி, நுனியில் டேப் சுற்றி ஓரமாக ஒட்டினார். அவர் பெற்ற பிள்ளை மாதிரி கொண்டாடிய ரோஸ் பல், உள்ளேயே வேலையில்லாமல் உட்கார்ந்துவிட்டது. பலகையைத் திரும்ப மாட்டிவிட்டுக் குமிழைத் தொட்டுக் காட்டினார்.

"இனிமே இது உன் கைக்கு மட்டும்தான் கேக்கும். முன்னாடி நான் என்ன அழுத்தினாலும் இதுக்குத் தெரியாது. பாரு."

அண்ணி ஏறி உட்கார்ந்தார். இவர் அழுத்த, மூன்று குமிழ்கள் இறங்கின. அண்ணியுடையது நிமிர்ந்தபடி நின்றது. "இன்னொரு தடவை" என்றார் அண்ணி. இன்னொரு தடவை. அப்புறம் அண்ணி ஒற்றை விரலால் அந்தக் குமிழை அமுக்கினார், தூக்கினார், அமுக்கினார். "ம், எடு" என்றார். வழி நெடுக அந்தக் குமிழ் ஏறி இறங்கிக்கொண்டே வந்தது. வண்டியில் யாராவது எதையாவது நோண்டினால் வள்ளென்று விழுகிற மனுஷன், கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் ஓட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாகப் போகக் கூடாதா என்று அவரைத் திட்டினேன்.

எங்கள் வீட்டு வாசலில் டிரைவிங் ஸ்கூல்காரர் தீர்ப்புச் சொல்ல வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் இறங்கியதும் இவர் பழக்கத்தில் சாவியை அழுத்தினார். அவர் கண்ணுக்கு அது தப்புமா?

"என்ன சார், மூணுதான் விழுது! நேத்து டக்கு டக்குன்னு தெருவையே எழுப்பினீங்க?"

அண்ணி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஆமா சார். நேத்து விழுந்துச்சு, இன்னைக்கு நின்னுடுச்சு. என்னால முடியல."

மிக்ஸியிடமும் குழாயிடமும் தோற்று ஒரு தடவைகூட ஒப்புக்கொள்ளாத மனுஷன், ஜெயித்த ஒரே வேலையில் தோற்றுவிட்டேன் என்கிறார். அந்த இல்லாத மீசையில் தானாகவே மண்ணை எடுத்துப் பூசிக்கொண்டார்.

"மெக்கானிக்கை அனுப்பட்டுமா?"

"வேணாம் சார். இருந்துட்டுப் போகட்டும்."

அன்று அண்ணி என் சமையலில் உப்பு அதிகம் என்றார். நான் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

அன்றிலிருந்து டிரைவிங் ஸ்கூல்காரர் இவருக்கு வைத்த பெயர் 'முடியல சார்'. காலையில், "என்ன முடியல சார், வாக்கிங்கா?" மாலையில், "முடியல சார், தபால் வந்திருக்கு." இவரும் சொன்ன வாக்குத் தவறாமல் திரும்பிப் பார்த்தார். எனக்குத்தான் நாக்கு துடிக்கும். அண்ணியை நினைத்துக் கடித்துக்கொள்வேன்.

நாலைந்து ஞாயிறு போயிருக்கும். அண்ணியைத் திரும்பக் கொண்டுவிடக் கிளம்பினோம். டிரைவிங் ஸ்கூல்காரர் மாடிப்படியிலிருந்து, "முடியல சார், பின்கதவு அப்படியேதானா?" என்றார். வண்டி நகரவில்லை. பின்சீட்டுக் கண்ணாடி கீழே இறங்கியது.

"தம்பி, இங்க வாங்க" என்றார் அண்ணி. ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டிருக்க வேண்டிய குரல். டிரைவிங் ஸ்கூல்காரர் ஓடி வந்தார்.

"அவன் நல்லாத்தான் பண்ணான். நாலு கதவும் விழுந்துச்சு. பூட்டிக்கிட்டா எனக்குப் பயமா இருக்கு, அதனால கழட்டி விட்டான். பயம் எனக்கு. தெரிஞ்சுதா?"

என் வீட்டுக்காரர் அவசரமாகத் திரும்பினார். "சும்மா இரு அக்கா, நான்தான் முடியலன்னு ஒத்துக்கிட்டேன்ல? இப்ப யாரு உன்னைக் கேட்டா?"

"வாயை மூடுடா" என்றார் அண்ணி. கண்ணாடியை ஏற்றினார். பிறகு, தன் பக்கத்துக் குமிழைத் தானே விரலால் அமுக்கிவிட்டு, "வண்டியை எடு" என்றார்.